எலி கடிக்காத கேபிள்

நஃபீஸத் பிறந்த வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். "நாலு நாள் இருந்துட்டு வா" என்றுதான் மாமியார் பாத்துமா அனுப்பியிருந்தாள். அதனால் அந்த ஐந்தாவது நாள் வீட்டில் எல்லோருக்கும் கனமாக இருந்தது.

பேட்டை மாமியார் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு போன் இல்லை. கத்தாரில் இருக்கும் புருஷன் அலி அஸ்கரும் பேசவில்லை. ஏன் வந்தாள், எப்போது போவாள் என்று நஃபீஸத்தும் வாய் திறக்கவில்லை. வாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினாள், மகள் அர்வாவுக்குத் தலை பின்னினாள், பாங்கு சொன்னதும் தொழப் போனாள். மேலப்பாளையத்தில் அந்தத் தெருவில் இருக்கிறவர்கள் மட்டும், "என்ன நஃபீஸத்து, இன்னும் போகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவளுடைய அண்ணன் இர்ஷாத்துக்கு இது எதுவும் உறைக்கவில்லை. அவன் பெண்டாட்டி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தங்கச்சி வந்த பிறகு நேரத்துக்குச் சோறு கிடைக்கிறதே என்று சந்தோஷமாகவே இருந்தான். வீட்டில் புகைவது ஆம்பிளைகளின் மூக்குக்குக் கடைசியாகத்தான் எட்டும், அதில் இர்ஷாத் ஒன்றும் விதிவிலக்கில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனுக்கும் எட்டியது.

வாப்பா அசன் மைதீன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் சட்டை அது.

"என்ன வாப்பா, ஜும்மாவுக்கு இப்பமே ரெடியாவுதிய?"

"ஜும்மாவுக்கு இல்லலே. தொழுதுட்டு அப்பிடியே பேட்டைக்குப் போவணும். சம்மந்தி வீட்டுல பேச வரச் சொல்லியிருக்காக."

"என்ன பேச்சு?"

வாப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"நீ அங்கன கேமரா மாட்டுனேல்லா. பின்வாசல் கேமரா மட்டும் தெனம் பொழுதடைஞ்சு மஹ்ரிபுக்கு அணைஞ்சு போயிருமாம். விடிஞ்சாத்தான் வருமாம். மத்த மூணும் நல்லா ஓடுது. மாப்ள கத்தார்ல இருந்து போன்ல பாத்துட்டு உம்மாட்ட சொல்லியிருக்காரு, யாரோ வேணும்னே அணைக்காகன்னு."

"யாராம்?"

"யாரைலே சொல்லுவாக? மஹ்ரிபுக்கு கை கால் அலம்பி ஒளு எடுக்க பின்கட்டுக்குப் போறது எம்புள்ள. விடியக்காலம் சுபுஹுக்கு மொதல்ல எந்திக்கது எம்புள்ள. பின்வாசலு முடுக்குச் சந்துல தொறக்குது. ராத்திரி பூரா அங்கன யாரு வாறா, யாரு போறான்னு மறைக்கதுக்குத்தானன்னு பாத்துமா கேட்டுட்டாளாம். பச்சையா கேக்கல. கேட்ட மாதிரிதான்."

"கேமராவுல ஏதாவது கோளாறு இருக்கலாம்லா வாப்பா..."

"நானும் அதத்தான் சொன்னேன். அதுக்கு என்ன சொல்லுதாக தெரியுமா? ஞாயித்துக்கெழம ராத்திரி இஷாவுக்கு அப்புறம் இவ கெளம்பி இங்க வந்தா. அன்னைக்கும் அணைஞ்சுதான் கெடந்துச்சாம். திங்கக்கெழமைல இருந்து ஒரு நாள் கூட அணையல. ராத்திரி பூரா பளிச்சுன்னு தெரியுதாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேக்காக." வாப்பா சட்டைக் காலரைத் தடவித் தடவிப் பார்த்தார். "நான் போயி என்னத்தலே சொல்ல? தலையக் குனிஞ்சு நிக்க வேண்டியதுதான்."

இனி, இர்ஷாத்துக்கு மட்டும் தெரிந்த சங்கதியை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவனாக வாய் திறந்து சொல்வான் என்று காத்திருந்தால் இந்தக் கதை போதாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அலி அஸ்கர் பேட்டையில் புது வீடு கட்டிக் குடிபுகுந்தான். சொந்தக்காரர்கள் பீரோ, பிரிட்ஜ் என்று கொண்டுவந்து இறக்கினார்கள். பெண் வீட்டுச் சீராக இர்ஷாத் நான்கு கேமராக்களை மாட்டிக் கொடுத்தான். சார்ஜாவில் ஆறு வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவன். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னான்: "அங்க போடுத அதே சுத்தச் செம்பு வயரு மாமி. இருவது வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்."

முன்பக்கத்து மூன்று கேமராக்களுக்கும் போட்டது செம்புதான். நாலாவதுக்கு வரும்போது சுருள் தீர்ந்துவிட்டது. அவன் சாமான் போட்டு வைக்கும் கிட்டங்கியில் ஒரு கல்யாண மண்டப வேலையில் மிஞ்சிய சுருள் ஒன்று கிடந்தது. உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம். பின்வாசல் கேமராதானே, யார் உரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று அதை எடுத்துப் போட்டான்.

கேமராக்களுக்குக் கரண்ட் கொடுத்துப் படத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டி முன்ஹாலில் இருந்தது. அங்கிருந்து நடுஹால் வழியாக நேரே இழுத்தால் பின்வாசலுக்கு இருபத்தைந்து மீட்டர்தான். ஆனால் நடுஹாலில் பெண்கள் இருந்தார்கள். குடிபுகுந்த வாரம், வீடு நிறைய விருந்தாளிப் பெண்கள். மருமகளின் அண்ணன் ஏணியும் ட்ரில்லுமாக அதற்குள் எப்படி நுழைவான்? நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவனும் செய்தான். மொட்டை மாடிக்கு ஏற்றி, கைப்பிடிச் சுவரோடு சுற்றி, மறுபக்கம் இறக்கினான். இருபத்தைந்து அறுபத்தைந்து ஆயிற்று. சார்ஜா கிட்டங்கிகளில் நடுஹாலும் கிடையாது, பெண்களும் கிடையாது. அங்கே அவன் இப்படிச் சுற்றவேண்டி வந்ததே இல்லை.

இருட்டினால் கேமராவுக்குள் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். பகலைவிட அப்போது கரண்ட் அதிகம் வேண்டும். அலுமினிய வயரில் அறுபத்தைந்து மீட்டர் தாண்டி அவ்வளவு கரண்ட் போய்ச் சேராது. கேமரா கண்ணை மூடிக்கொள்ளும், விடிந்ததும் திறக்கும். குடிபுகுந்த புதுசில் பின்கட்டில் பெரிய பல்பு விடிய விடிய எரிந்ததால் இது தெரியவில்லை. விருந்தாளிகள் போனார்கள், பல்பை அணைத்தார்கள், கேமராவும் அணைய ஆரம்பித்தது.

அலி அஸ்கர் முதலில் போன் செய்தது இர்ஷாத்துக்குத்தான். "மச்சான், கேமராவுல கோளாறு ஏதும் இருக்குமா?" என்று தன்மையாகத்தான் கேட்டான்.

விஷயம் இன்னதென்று இர்ஷாத்துக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் விருந்தில் பேசிய பேச்சை எப்படி மாற்றிப் பேசுவது? "கோளாறா? நான் போட்டது சுத்தச் செம்பு மச்சான். யாராவது வயரோட பின்னைப் பிடுங்குனாத்தான் அது அணையும்" என்றான்.

நஃபீஸத் வந்த மறுநாள், திங்கட்கிழமை, பேட்டைப் பக்கம் வேலை இருந்தது. "கேமரா கண்ணாடியத் துடைச்சிட்டுப் போறேன் மாமி" என்று குரல் கொடுத்துவிட்டு முடுக்கு வழியாகப் பின்கட்டுக்குப் போனான். அங்கே தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்ன அடாப்டரை ஒளித்து வைத்து, கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே கரண்ட் கொடுத்தான். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டோம் என்று விசிலடித்துக்கொண்டு வந்தான். தங்கச்சிக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தது, இன்று வாப்பா சொல்லும் வரைக்கும் அவனுக்குத் தெரியாது.

"நானும் வாறேன் வாப்பா" என்றான் இர்ஷாத்.

நஃபீஸத் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "காக்கா, சீனி பத்துமா பாரு" என்றாள் அண்ணனிடம். அவள் கண் வீங்கியிருந்தது. ஐந்து நாளாக இப்படித்தான் இருந்திருக்கும். அவன் இன்றுதான் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்ததைத் தேயிலையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "பத்தும்" என்று எழுந்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் அந்த யோசனை வந்தது. எலி! எலி கடித்துவிட்டது என்று சொன்னால் என்ன? வயரை எலி கடிப்பது ஊரில் நடக்காத காரியமா? நல்ல செம்பு வயர் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு போய், பழையதை உருவி எறிந்துவிட்டு, புதிதாக இழுத்துவிடலாம். நஃபீஸத் மேல் பழி இல்லை, தன் மேலும் பழி இல்லை. எலி வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை. இப்படி ஒரு வழி கிடைத்ததும் அவனுக்கு மூச்சு சீராக வந்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவன் எவ்வளவோ கூசினான்.

தில்லைநாயகம் அண்ணாச்சி கடையில் கூட்டமில்லை. அண்ணாச்சி சுருளை எடுத்து மேஜையில் போட்டு, நுனியை உரித்து, கத்தியால் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். எவ்வளவு சுரண்டினாலும் உள்ளே அதே சிவப்பு.

"செம்பு வே. பாத்துக்கிடும். எத்தன மீட்டர் ஓடணும்?"

"அறுவத்தஞ்சு அண்ணாச்சி."

"நேரா போனா?"

"இருவத்தஞ்சு. நடுவுல பெண்டுவ இருக்க எடம். அதான் மாடியச் சுத்தி."

"சரிதான். ஆனா அவ்வளவு தூரம் இழுக்கதுக்கு, அங்கனயே கேமரா பக்கத்துல ஒரு அடாப்டரை வச்சா காரியம் முடிஞ்சுதுல்லா?"

"வச்சிட்டேன் அண்ணாச்சி. திங்கக்கெழமையே."

"இப்ப கேமரா ஓடுதா?"

"ஓடுது."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "ஓடுத கேமராவுக்கு எதுக்கு வே கேபிளு?"

இர்ஷாத்துக்கு வெறுங்கையோடு திரும்பிப் போகவும் வெட்கமாக இருந்தது. சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஜும்மா முடிந்து இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். வாப்பா பின்னால் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல் இருக்க முதுகை நேராக வைத்துக்கொண்டு, அந்தச் சுருளை மடியில் பிடித்துக்கொண்டார்.

"இது எதுக்குலே?"

"பழைய வயர எலி கடிச்சிருக்கும் வாப்பா. அதான் அணைஞ்சிருக்கு. மாத்திருவோம்."

வாப்பா அவன் தோளை இறுகப் பிடித்தார். "எலியாலே? ரப்பே! எலியா! இத மொதல்லயே சொல்லப்பிடாதா? அஞ்சு நாளா எனக்குத் தூக்கம் உண்டா? அப்போ எம்புள்ள மேல ஒண்ணும் இல்லைலா?" அவர் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது. வழி நெடுக எலியைத் திட்டிக்கொண்டே வந்தார். இர்ஷாத் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

பேட்டை வீட்டின் முன்ஹாலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. நடுஹால் வாசலில் திரை. திரைக்குப் பின்னால் பாத்துமா நின்றாள், வளையல் சத்தம் கேட்டது. வீட்டு ஆம்பிளையின் இடத்தில், டீப்பாய் மேல் ஸ்பீக்கரில் போட்ட போனில் அலி அஸ்கர் இருந்தான். சலாம் சொன்னார்கள். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

வாப்பாவுக்கு உட்காரக்கூடப் பொறுக்கவில்லை. "சம்மந்தி, ஒண்ணும் இல்லம்மா. எலி! எலி கடிச்சிருக்கு வயர. பாருங்க, புதுசு கொண்டாந்துட்டோம்" என்று சுருளைத் தூக்கிக் காட்டினார்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நெருங்கி வந்தது.

"எலியா?" என்றாள் பாத்துமா. "அப்போ திங்கக்கெழமைல இருந்து எலி நோம்பு பிடிச்சிருக்கோ? ஒங்க மவ ஆட்டோ ஏறுனா, எலியும் கூடவே ஏறிட்டோ?"

வாப்பாவின் கை சுருளோடு இறங்கியது. அவர் மகனைப் பார்த்தார். சொல்லுலே, ஏதாவது சொல்லு என்று கெஞ்சுகிற பார்வை. அவருடைய காது மடல் சிவந்துவிட்டது. அறுபத்தெட்டு வயசு மனுஷர், தொழுத கையோடு வந்து, ஒரு பொய்யை மெய் என்று நம்பிச் சொல்லிவிட்டு, அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சம்மந்தி, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்தார். "எம்புள்ள அப்பிடிப்பட்டவ இல்ல. ஏதாவது தப்பு நடந்திருந்தாலும் நான் ஒங்ககிட்ட..."

"வாப்பா, நிறுத்துங்க."

இர்ஷாத் எழுந்து நின்றான். திரையைப் பார்த்துச் சொல்வதா, போனைப் பார்த்துச் சொல்வதா என்று தெரியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எலியும் இல்ல, நஃபீஸத்தும் இல்ல மாமி. நான்தான். அந்தக் கேமராவுக்கு நான் போட்டது செம்பு இல்ல. வேற வேலையில மிஞ்சுன மட்ட வயரு. இருட்டுனா அதுக்குக் கரண்டு பத்தாது. மச்சான் போன் போட்டுக் கேட்டப்பவே எனக்குத் தெரியும். கவுரவம் போயிருமேன்னு யாரோ அணைக்காகன்னு சொல்லிட்டேன். திங்கக்கெழம கண்ணாடி தொடைக்க வரல. மோட்டார் பெட்டிக்குள்ள ஒரு அடாப்டரை வச்சிட்டுப் போனேன். அதான் அணையல."

வாப்பா கையிலிருந்த சுருளைத் தரையில் வைத்தார்.

"இதை நாங்க எப்பிடி நம்ப?" என்றாள் பாத்துமா. "தங்கச்சிய காப்பாத்த ஆயிரம் சொல்லலாம்."

நியாயமான கேள்வி. ஏற்கெனவே இரண்டு பொய் சொன்னவன்.

"மச்சான், போன்ல பின்வாசல் கேமராவப் பாருங்க. நான் அங்க போறேன்" என்றான் இர்ஷாத். முடுக்கு வழியாகச் சுற்றிப் பின்கட்டுக்குப் போய், மோட்டார் பெட்டியைத் திறந்து அடாப்டரைப் பிடுங்கினான். ஏணியில் ஏறி, மேலிருந்து வரும் பழைய வயரிலிருந்தே கேமராவுக்கு மறுபடி கரண்ட் வரும்படி சொருகினான். தன் போனிலும் அலி அஸ்கரைக் கூப்பிட்டு, முன்ஹால் பேச்சோடு சேர்த்துக்கொண்டு, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"தெரியுதா மச்சான்?"

"தெரியுது. ஒங்க மூஞ்சிதான் தெரியுது."

கேமரா அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கத்தாரில் ஒருவன் கையகலத் திரையில் தன் முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் இர்ஷாத்துக்கு இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவை மூடினான். உள்ளே இருட்டானதும் விளக்குகள் சிவப்பாக மினுங்கின. உடனே அவிந்தன.

"அணைஞ்சிட்டு" என்றான் அலி அஸ்கர்.

துண்டை எடுத்தான். அரை நிமிஷம்.

"வந்துட்டு."

மறுபடி மூடினான். "அணைஞ்சிட்டு." எடுத்தான். "வந்துட்டு." மூன்றாம் தடவை மூடியபோது, "போதும் மச்சான்" என்றான் அலி அஸ்கர். பட்டப்பகல் மூன்று மணி வெயிலில், நஃபீஸத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, கேமரா அணைந்து அணைந்து வந்தது.

இர்ஷாத் அடாப்டரைத் திரும்ப மாட்டினான். பழைய வயரில் ஒரு முழம் வெட்டி எடுத்து, மீதி நுனியைக் கேமராவில் மறுபடி மாட்டிவிட்டு முன்ஹாலுக்கு வந்தான். வாப்பா அதை வாங்கித் திரைக்கு உள்ளே நீட்டினார். சுருக்கம் விழுந்த கை ஒன்று வெளியே வந்து வாங்கிக்கொண்டது. உள்ளே கத்தியால் சுரண்டும் சத்தம் கேட்டது. ஒரே இழுப்புதான்.

"அட ரப்பே! உள்ள வெள்ளையால்லா இருக்கு" என்றாள் பாத்துமா. "கவரிங்கு!"

அந்த ஒரு சொல்லில் வாப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணைக் கொடுத்த வீடு கவரிங்கைத் தங்கமென்று போட்டு அனுப்பியது என்கிற பேச்சைப்போல ஒரு கேவலம் அந்த ஊரில் வேறு கிடையாது. சீர் என்று சபையில் கொடுத்ததுதானே இதுவும்! அவர் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார். இர்ஷாத்துக்கு வாப்பா நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

திரைக்குப் பின்னால் பாத்துமாவின் குரல் மாறிவிட்டது. இப்போது அது மாமியார் குரலாக இல்லை.

"அந்தப் புள்ள ஒரே ஒரு தடவதான் சொன்னா, 'நான் அணைக்கல மாமி'ன்னு. அப்புறம் பேசவே இல்ல. பேசாம இருக்காளே, அப்போ உண்மைதான் போலன்னு நெனச்சிட்டேன். கேமராவ நம்புனேன், அவள நம்பல. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்டத் தண்ணி கேப்பேன்?" கொஞ்சம் நிறுத்தி, "சம்மந்தி, இன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க. அர்வாக்குட்டி இல்லாம வீடு வீடா இல்ல" என்றாள்.

"சரிம்மா" என்றார் வாப்பா.

"அந்தப் புது வயரையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இனி ஒங்க மவன் இந்த வீட்டுல ஒண்ணும் மாட்ட வேண்டாம்."

போனில் அலி அஸ்கர் "வைக்கேன்" என்று மட்டும் சொன்னான். அவனுக்கும் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை போலும், அத்தனை தூரத்தில் இருந்தும்.

வெளியே வந்து இர்ஷாத் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். வாப்பா ஏறவில்லை.

"நீ போலே. நான் பஸ்ல வாறேன்."

"வெயிலா இருக்கு வாப்பா. மன்னிச்சிருங்க வாப்பா. ஏறுங்க."

"பஸ்ல வாறேன்னு சொன்னேம்லா." அவர் சாலையோரமாகப் பைய நடந்து போனார். முப்பத்திரண்டு வயதில் இர்ஷாத், நடுத்தெருவில் வண்டிமேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

ஆனாலும் பாலம் ஏறும்போது அவனுக்குள் ஒரு சின்னத் தெம்பு வந்தது. எப்படியோ உண்மையைச் சொல்லியாயிற்று. தங்கச்சி மேல் இருந்த பழி போயிற்று. இதைச் சொன்னால் அவள் முகம் மலரும், இரண்டு திட்டுத் திட்டினாலும் அழுதுகொண்டே சிரிப்பாள், பையைக் கட்டுவாள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

நஃபீஸத் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அர்வா தூங்கிக்கொண்டிருந்தாள். இர்ஷாத் வாசல்படியிலேயே நின்று, ஒன்றுவிடாமல் சொன்னான். மட்ட வயர், மாடி, அடாப்டர், எலி, துண்டு, கவரிங். சொல்லச் சொல்ல அவள் மடிப்பது நின்றுவிட்டது.

"மாமி இன்னைக்கே வரச் சொல்லிட்டாக. கெளம்புட்டி. நான் கொண்டு விடுதேன்."

அவள் நிமிர்ந்தாள். முகம் மலரவில்லை.

"அர்வா வாப்பா ஒன்கிட்டக் கேட்டாகல்லா காக்கா, கோளாறான்னு. அப்ப நீ என்ன சொன்னே? இன்னொருக்கச் சொல்லு."

"யாராவது பின்னைப் பிடுங்குனாத்தான்னு..."

"அந்த வீட்டுல யாரு இருக்கா? மாமிக்கு மூட்டு வலி, மஹ்ரிபுக்கு மேல எடத்த விட்டு எந்திக்க மாட்டாக. அர்வாவுக்கு மூணு வயசு. வேற யாரு இருக்கா காக்கா, நீ சொன்ன அந்த யாராவது?"

இர்ஷாத் தூங்குகிற அர்வாவைப் பார்த்தான்.

"அப்ப அது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லலாம். யோசிக்கவே இல்லை என்று சொல்லலாம். மத்தியானத்திலிருந்து இத்தனை ஒப்புக்கொண்டவனுக்கு இதை மட்டும் மறைக்க முடியவில்லை. அன்றைக்குப் போனில் அதைச் சொன்ன அதே நொடியில் அவனுக்கு நஃபீஸத்தின் முகம் வந்து போனது. ஒரு கண் சிமிட்டும் நேரம். சும்மா ஒரு வார்த்தை திட்டுவார்கள், சமாளித்துக்கொள்வாள் என்று தள்ளிவிட்டான்.

"தெரியும்" என்றான்.

அவள் அழவில்லை. மடித்த துணியைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அவளுடைய துணி, அர்வாவின் துணி, ஒவ்வொன்றாக. பை காலியாகச் சுவரோரம் கிடந்தது.

அந்த நேரம் பாயில் கிடந்த அவள் போன் அடித்தது. ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாகத் திரையில் அலி அஸ்கர் பெயர். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அடிக்க விட்டாள். பிறகு எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்து, அந்தக் கைக்குள் போனை வைத்தாள்.

"எடுத்துப் பேசு. நான் வரமாட்டேன்னு நீயே சொல்லு" என்றாள். "என்னப் பத்தி நீ சொன்னா அவுக நம்புவாகல்லா."